எம்3 ஜி.டி.ஆர் யாருடைய கார்?

2024 நவம்பரில் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் பி.எம்.டபிள்யூ கம்பெனி ஒரு காரைக் காட்சிக்கு வைத்தது. வெள்ளி நிறம், பக்கவாட்டில் கிழித்துவிட்ட மாதிரி நீலப் பட்டைகள். எம்3 ஜி.டி.ஆர். பார்த்த மாத்திரத்தில் பலருக்கு மயிர்க்கூச்செறிந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த வர்ணத்தோடு அந்தக் கார் நிஜப் பந்தயம் எதிலும் ஓடியதே இல்லை. அது ஓடியதெல்லாம் ராக்போர்ட் என்ற கற்பனை ஊரில், 2005-ல் வந்த 'நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்' கேமுக்குள்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ரேஸர் என்று ஒரு வில்லன், நம்பியாரின் ஒன்றுவிட்ட பேரன் மாதிரி. ஆரம்பத்திலேயே தகிடுதத்தம் செய்து ஜெயித்து, ஹீரோவின் காரைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். பதினைந்து பேர் கொண்ட ஒரு கறுப்புப் பட்டியலில் ஒவ்வொருத்தனாகத் தோற்கடித்து மேலே ஏறி, கடைசியில் இவனிடம் வந்து காரை மீட்க வேண்டும். அவ்வளவுதான் மேட்டர். ஆனால் அந்த ஒரு காருக்காக எத்தனை பேர் எத்தனை ராத்திரி கண் விழித்திருப்பார்கள்! நம் ஊர் பிரவுசிங் சென்டர்களிலும் ஹாஸ்டல் அறைகளிலும், பி.எம்.டபிள்யூவை ரோட்டில் ஒருமுறைகூடப் பார்த்திராத பையன்கள் அதன் பின்பக்க விளக்கை வைத்தே மாடல் சொல்லுவார்கள்.

சரி, கம்பெனியே இவ்வளவு பெருமையாக அந்தக் காரைக் காட்டுகிறதே, கேமை வாங்கி விளையாடலாம் என்று யாராவது கிளம்பினால்? கம்ப்யூட்டருக்கான அந்த 2005 கேம் எந்த இணையக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. பழைய டிஸ்க் எங்காவது கிடைத்தால் உண்டு. அதே பெயரில் 2012-ல் வந்தது வேறு கேம், ஏமாந்துவிட வேண்டாம். இதன் தம்பிமார்கள் கதி இன்னும் மோசம். கார்பன், அண்டர்கவர், ஷிஃப்ட், ஷிஃப்ட் 2, தி ரன் ஐந்தையும் இ.ஏ. கம்பெனி 2021 மே மாதக் கடைசியில் ஒரேயடியாகக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. ஆகஸ்டில் அவற்றின் ஆன்லைன் வசதியையும் மூடியது.

கார் கேம்களுக்கு மட்டும் ஏன் இப்படி அற்ப ஆயுசு? இருபது வருஷப் பழைய சண்டை கேமும் புதிர் கேமும் இன்றைக்கும் நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் கிடைக்கின்றன. காரணம் லைசென்ஸ். காரின் பெயர், சின்னம், வடிவம் எல்லாம் தயாரிப்பாளருக்குச் சொந்தம். கேமில் வைக்க வேண்டுமானால் ஒப்பந்தம் போட வேண்டும், அந்த ஒப்பந்தத்துக்குக் காலக்கெடு உண்டு. கெடு முடிந்தால் புதுப்பிக்கக் காசு வேண்டும். பழைய கேமுக்கு யார் காசு செலவழிப்பார்கள்? ஒரு கேமில் முப்பது கம்பெனிகளின் கார்கள் இருந்தால் முப்பது ஒப்பந்தம், போதாக்குறைக்குப் பின்னணியில் ஓடும் பாட்டுகளுக்குத் தனி ஒப்பந்தம். மாதாமாதம் தவணை கட்டுகிற வீட்டில் வாடகைக்கு இருப்பவன் நிலைமைதான் விளையாடுபவனுக்கு. சண்டை யாருக்கு யாருக்கோ, வெளியே போகிறவன் இவன்.

ஃபோர்ஸா ஹொரைசன் வரிசையைப் பாருங்கள். முதல் பாகம் 2012-ல் வந்து 2016-ல் கடையை விட்டுப் போனது. இரண்டாவது 2014-ல் வந்தது, 2018-ல் போனது. மூன்றாவது 2016, 2020. நான்கே வருஷம், கல்லூரிப் படிப்பு மாதிரி! நான்காவது பாகம் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடித்து, 2018-ல் வந்து 2024 டிசம்பர் 15-ல் எடுக்கப்பட்டது. பிரிட்டன் நாட்டுப்புறத்தை நான்கு பருவங்களாகக் காட்டிய கேம் அது. பனி உறைந்த ஏரி மேலே கார் ஓட்டிய அனுபவத்தைப் புதிதாக ஒருத்தர் இனிமேல் கடையில் வாங்க முடியாது. ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்து அது பிடுங்கப்படவில்லை. முன்கூட்டியே தேதி சொன்னார்கள், தள்ளுபடியும் கொடுத்தார்கள். இதில் கோபப்பட பெரிதாக ஒன்றும் இல்லை, வருத்தம்தான்.

கோபப்பட வேண்டிய கேஸ் தனியாக இருக்கிறது. அதற்கு முன்னால், யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்ற கணக்கை ஒருமுறை பார்த்துவிடலாம்.

கார் கம்பெனிகள் பேசுவதைக் கேட்டால், ஏதோ தங்கள் காரைக் கேமுக்குள் விட்டது பெரிய உபகாரம் மாதிரி தோன்றும். உண்மை பெரும்பாலும் தலைகீழ். நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்34 மாடல் 1999 முதல் 2002 வரை தயாரானது. அமெரிக்காவில் அதை நிஸான் விற்கவே இல்லை. ஆனாலும் அமெரிக்கப் பையன்களுக்கு அது குலதெய்வம் மாதிரி. எப்படி? 1997-ல் ஜப்பானில் வெளியான கிரான் டூரிஸ்மோவும் அதன் அடுத்தடுத்த பாகங்களும்தான் பெரிய காரணம். அந்தக் கேமை உருவாக்கிய கசுனோரி யமாவுச்சி கார் பைத்தியம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். 2007-ல் நிஸான் ஆர்35 ஜி.டி.ஆரைக் கொண்டுவந்தபோது, டேஷ்போர்டில் உள்ள திரையை வடிவமைக்க அவருடைய பாலிஃபோனி டிஜிட்டல் நிறுவனத்தைத்தான் கூப்பிட்டது. கேம் காரைக் காப்பியடித்த காலம் போய், கார் கேமைக் கூப்பிட்ட காலம்! அடுத்த வருஷமே அந்தக் கார் அமெரிக்காவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்தது. அங்கே அதற்காக ஏற்கெனவே ஒரு தலைமுறை ஏங்கிக்கொண்டிருந்தது. அந்த ஏக்கத்துக்கு நிஸான் எவ்வளவு விளம்பரச் செலவு செய்தது? பெரும்பாலும் பிளேஸ்டேஷன் வாங்கிக் கொடுத்த அப்பாக்கள்தான் செய்தார்கள்.

டொயோட்டா கதை இன்னும் ருசியானது. அவர்களுடைய ஏ.இ.86 கார் 1983-ல் வந்து 1987-ல் நின்றுபோன சாதாரண சின்னக் கார். 1995-ல் ஷுய்ச்சி ஷிகெனோ எழுதி வரைந்த 'இனிஷியல் டி' மாங்கா, அதைத் தோஃபு டெலிவரி பண்ணுகிற ஒரு பையன் கையில் கொடுத்து மலைப்பாதையில் விட்டது. அப்புறம் அனிமே, ஆர்கேட் கேம் என்று போய், பழைய இரும்பு விலைக்குப் போக வேண்டிய கார் பொக்கிஷமாகிவிட்டது. 2012-ல் டொயோட்டா புதிதாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கொண்டுவந்தபோது அதற்கு வைத்த பெயர் '86'. சும்மா வைத்தார்களா என்ன?

சுப்ரா மட்டும் சளைத்ததா? 2001-ல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்தில் ஓடிய அந்த ஆரஞ்சு நிறக் கார் ஒன்று, 2021 ஜூனில் ஐந்தரை லட்சம் டாலருக்கு ஏலம் போனது. படத்தில் அந்தக் கார் செய்தது என்ன? சட்டவிரோதத் தெருப் பந்தயம். 2003-ல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்டிலும் சுப்ரா இருந்தது. அங்கேயும் ராத்திரியில், நியான் விளக்கு மாட்டிக்கொண்டு, அதே வேலை. இப்போது 2019-க்கு வாருங்கள். டொயோட்டா புதிய சுப்ராவைக் கொண்டுவருகிறது. அதே வருஷம் நீட் ஃபார் ஸ்பீட் ஹீட் வருகிறது. அதில் டொயோட்டா கார் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்ட ரசிகர்களுக்கு டொயோட்டாவின் பிரிட்டன் கிளை ட்விட்டரில் கொடுத்த பதிலின் சாரம்: சட்டவிரோதத் தெருப் பந்தயத்தை ஊக்குவிக்காத கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டில் எங்கள் கார்கள் இருக்கின்றன, அங்கே போய் விளையாடுங்கள். ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது என்றால் இதுதான். பிறகு அந்தப் பதிவை அழித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

லைசென்ஸ் அரசியலால் ஒரு நல்லதும் நடந்தது. போர்ஷே கார்களைக் கேமில் வைக்கும் தனி உரிமையை இ.ஏ. 2000 வாக்கில் வாங்கி 2016 வரை வைத்திருந்தது. மற்ற கேம்காரர்கள் என்ன செய்தார்கள்? ஜெர்மனியில் ஃபாஃபென்ஹாவுஸன் என்ற சின்ன ஊரில் ரூஃப் என்று ஒரு கம்பெனி. போர்ஷே உடல்கூட்டை வாங்கி, தன் கைவேலையைக் காட்டி, தன் பெயரிலேயே கார் விற்கும். அரசாங்கக் கணக்கில் அது தனித் தயாரிப்பாளர்! கிரான் டூரிஸ்மோ அந்தச் சந்துக்குள் புகுந்து ரூஃப் கார்களைச் சேர்த்துக்கொண்டது. விளைவு, பவேரியாவில் ஒரு பட்டறை உலகம் பூராவும் உள்ள பையன்களுக்கு அத்துப்படியானது. 2017-ல் கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டில்தான் அசல் போர்ஷே நுழைந்தது. வழக்கறிஞர்கள் போட்ட வேலி ஒரு சின்னக் கம்பெனிக்கு வாசலாக மாறியது இந்த ஒரு தடவைதான் இருக்கும்.

இனி கோபப்பட வேண்டிய கேஸ். யூபிசாஃப்ட் 2014 டிசம்பரில் வெளியிட்ட 'தி க்ரூ'. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை நிற்காமல் ஓட்டிக்கொண்டே போகலாம் என்ற அருமையான யோசனை. ஒரே ஒரு வில்லங்கம்: தனியாக விளையாடினாலும் கம்பெனியின் சர்வரோடு இணைப்பு இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் அதை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். சர்வர் வசதியும் லைசென்ஸ் நெருக்கடியும் காரணம் என்றார்கள். 2024 மார்ச் 31-ல் சர்வரை அணைத்தார்கள். அன்றோடு, காசு கொடுத்து வாங்கிய அத்தனை பேர் கையிலும் இருந்த கேம் செத்தது. டிஸ்க் வைத்திருந்தவருக்கும் அதே கதி. அது இனி டீ கிளாஸ் வைக்கத்தான் உதவும். அடுத்த சில நாட்களில் பலருடைய கணக்கிலிருந்து கேமின் உரிமமே நீக்கப்பட்டது. ஃபோர்ஸா கடையை மூடியது. இவர்கள் வீட்டுக்கு வந்து பொருளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இதைப் பார்த்துக் கொதித்த ராஸ் ஸ்காட் என்ற யூடியூப்காரர் 2024 ஏப்ரலில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய யூனியனில் அதற்காகப் போட்ட மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. டிஜிட்டல் பொருளை விற்கிறவர், அது வெறும் உரிமம்தான் என்றால் அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் போதுமாம்! திருடப் போகிறேன் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுத் திருடலாம் என்கிற மாதிரி இருக்கிறது. இல்லாததற்கு இது தேவலை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். நிஜக் கார்களே வேண்டாமே, ஜி.டி.ஏ. மாதிரி கற்பனைக் கார்களை வைத்துவிட்டால் என்ன? நல்ல கேள்வி. 2008-ல் வந்த பர்ன்அவுட் பாரடைஸில் அத்தனையும் கற்பனைக் கார்கள். அதனால் எவன் அனுமதியும் கேட்காமல் காரை அப்பளமாக நொறுக்க முடிந்தது, 2018-ல் மெருகேற்றி மறுபடி விற்கவும் முடிந்தது. தங்கள் கார் நசுங்குவதையும் கவிழ்வதையும் பல கம்பெனிகள் விரும்புவதில்லை என்பது ஊரறிந்த ரகசியம். ஆனால் ஜி.டி.ஏ.வும் முழுசாகத் தப்பவில்லை. கார்கள் கற்பனை, பாட்டுகள் நிஜமாயிற்றே! ஜி.டி.ஏ. 4 வெளியாகிப் பத்து வருஷம் ஆனதும், 2018-ல் பல பாட்டுகளின் லைசென்ஸ் முடிந்து, ரஷ்யப் பாட்டு வானொலியான விளாடிவாஸ்டாக் எஃப்.எம். கிட்டத்தட்ட காலியானது. அந்தப் பாட்டோடு சேர்த்துத்தான் அந்த ஊர் பலருக்கு ஞாபகம். தவிர, கற்பனைக் காரால் எம்3 ஜி.டி.ஆர் கொடுத்த அந்தக் கிறுக்கைக் கொடுக்க முடியாது. எங்கேயோ நிஜத்தில் அது இருக்கிறது என்ற எண்ணம்தானே பாதி சுகம்.

ஆக, லைசென்ஸே கூடாது என்று கேட்பது சிறுபிள்ளைத்தனம். கெடு முடிந்தால் புதிதாக விற்காதே, சரி. ஆனால் அந்தக் கெடு விற்பனையோடு நிற்க வேண்டும், ஏற்கெனவே விற்ற பிரதிக்குள் நுழையக் கூடாது. சர்வரை மூடுவதற்கு முன் இணையம் இல்லாமல் ஓடும்படி ஒரு பேட்ச் கொடுக்க வேண்டும். முடியாத காரியம் என்று எவரும் கதைவிட வேண்டாம். இவ்வளவு சத்தத்துக்குப் பிறகு அதே யூபிசாஃப்ட், தி க்ரூ 2-க்கு ஆஃப்லைன் வசதி தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்து, 2025-ல் கொடுத்தும் விட்டது. முதல் க்ரூவுக்கு மட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. அதை ரசிகர்களே பார்த்துக்கொண்டார்கள். கம்பெனியின் சர்வர் எப்படிப் பேசுகிறது என்று உட்கார்ந்து பிரித்துப் பார்த்து, தாங்களே ஒன்றை எழுதி, 'தி க்ரூ அன்லிமிடெட்' என்ற பெயரில் 2025 செப்டம்பரில் வெளியிட்டார்கள். பைசா சம்பளம் இல்லாமல், ஒன்றரை வருஷம் செத்துக் கிடந்த கார்கள் மறுபடி கரையிலிருந்து கரைக்கு ஓடுகின்றன.