கிணறு காக்கும் பொச்சுமட்டை

மட்டக்களப்பு மாவட்டத்துக் கல்குடாவின் மணலில் கிணறு வெட்டுவது எளிது. சில முழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். மலசலகூடக் குழி வெட்டுவதும் அங்கே அவ்வளவே எளிது. இரண்டும் ஒரே வளவுக்குள் நெருங்கிக் கிடப்பதுதான் இந்தக் கரையோர ஊர்களின் தீராத தொல்லை.

செப்டிக் தொட்டி கட்டிவிட்டால் கழிவுநீர் சுத்தமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தொட்டியில் கெட்டியானது அடியில் தங்கும், எண்ணெய்ப்பசை மேலே மிதக்கும், நடுவில் நிற்கும் நீர் உறிஞ்சுகுழிக்குப் போகும். கரைந்த கழிவில் பெரும்பகுதியும் நோய்க்கிருமிகளும் அமோனியாவும் அந்த நீரோடு சேர்ந்தே போகின்றன. களிமண் கலந்த நிலமானால் அது மெல்ல ஊறும். அதற்குள் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். கடற்கரை மணல் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. மார்கழி மாரியில் நிலத்தடி நீர் மேலெழும்போது குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே காய்ந்த மணலே மிஞ்சாது. இரண்டுக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும் என்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்லும் கணக்கு. பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துச் சிறுத்துப்போன வளவுகளில் 50 அடிக்கு எங்கே போவது?

கிருமியைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். அமோனியா மணலுக்குள் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்கு வந்தால் கொதிக்கவைத்தும் பயனில்லை. நீர் ஆவியாக, மிஞ்சியதில் நைத்திரேற்றின் செறிவு கூடும். ஒரு லீட்டரில் 50 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மாப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அந்த வரம்பை மீறிய நீர் உடல் நீலம்பாரிக்கும் நோயைக் கொண்டுவரலாம். கிணற்றைத் தாண்டி வாழைச்சேனை வாவிக்கும் பாசிக்குடாவின் ஆழமற்ற குடாவுக்கும் அதே நீர் கசிந்தால், பாசி செழிக்கும், பவளப்பாறை வாடும். பெரிய விடுதிகளுக்குச் சுற்றாடல் உரிமம் என்றொரு கடிவாளமாவது உண்டு. வீடுகளுக்கு அதுவும் இல்லை.

இந்த நீரை உறிஞ்சுகுழிக்குப் போகுமுன்பே சுத்திகரிக்க வழி உண்டு. தென்னை வளராத கனடாவின் கியூபெக் மாகாணத்தில், தென்னம்பொச்சுத் துண்டுகளை நிரப்பிய வடிகட்டித் தொட்டிகள் சந்தையில் விற்கப்படுகின்றன. செப்டிக் தொட்டியிலிருந்து வரும் நீர் அந்தத் துண்டுகளின் மேல் சொட்டுச் சொட்டாக இறங்கும். அங்கே பொச்சு பற்றீரியாக்களுக்குக் குடியிருப்பு. நார்களுக்கு இடையில் காற்று நின்று, ஈரமும் தங்குவதால், அவை நாரெங்கும் படலமாகப் படர்ந்து அழுக்கைத் தின்கின்றன. இலங்கையிலும் இது புதிதன்று. இறப்பர் ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தும்பால் செய்த தூரிகைகளை நமது இறப்பர் ஆராய்ச்சி நிலையமே கையாண்டிருக்கிறது. பொச்சு இல்லாத வழியும் உண்டு: புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனை 2003இல் அமைத்த அமைப்பில், சரளைக்கல் படுகையில் வளர்த்த செடிகளின் வேரூடே கழிவுநீர் தெளிந்து தோட்டத்துக்குப் பாய்கிறது.

கல்குடாவுக்கு மிகவும் நெருங்கிய பாடம் நியூயோர்க்கின் லோங் தீவில் இருக்கிறது. அதுவும் மணல் நிலம், நிலத்தடி நீரைக் குடிக்கும் ஊர்கள், சுற்றிலும் குடாக்கள். அங்கே சஃபோக் மாவட்டத்தில் மட்டும் சுமார் 3,60,000 கழிவுக் குழிகளும் செப்டிக் தொட்டிகளும் இருந்தன. பழையதை மாற்ற 2017 முதல் வீட்டுக்காரருக்கு மானியம் கொடுக்கிறார்கள். ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகம் அங்கே சோதித்த படுகை ஒன்று மிக எளியது. மேலே மணல் அடுக்கு, கீழே மணலும் மரத்தூளும் கலந்த அடுக்கு. மேலடுக்கில் அமோனியா நைத்திரேற்றாகும். காற்றில்லாத கீழடுக்கில் மரத்தூளை உணவாகக் கொள்ளும் பற்றீரியாக்கள் அந்த நைத்திரேற்றைச் சாதாரண நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றிவிடும். பொச்சு மட்டும் போட்டால் இந்த இரண்டாம் வேலை முழுமையாக நடக்காது என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும்.

பொச்சையும் அந்த மணல், மரத்தூள் அடுக்குகளையும் சேர்த்து இங்கே படுகை கட்டலாம். பொச்சும் மணலும் இந்த மாவட்டத்தில் கூப்பிடு தூரத்தில் கிடைப்பவை. மரத்தூள் மரக்காலைகளில் குவிந்து கிடக்கிறது. மேசன் ஒருவர் கட்டக்கூடிய சீமெந்துத் தொட்டிதான் வேண்டியது. சிரமங்களும் உண்டு. நீர்மட்டம் உயரும் இடமாதலால் படுகையை நிலத்துக்கு மேலே, அடி கசியாமல் கட்டவேண்டும். சில வீடுகளில் சிறிய மோட்டர் தேவைப்படும். புதுப் பொச்சு முதலில் நீரைத் தேயிலைச் சாயமாக்கும். காலப்போக்கில் அது மக்கும், மாற்றவேண்டும். செப்டிக் தொட்டியில் சேரும் மண்டியை பவுசர் வந்து இறைத்தே ஆகவேண்டும். தெளிந்து வரும் நீர் தென்னைக்கும் வாழைக்கும் போகலாம், குடத்துக்குப் போகக்கூடாது.

ஆகவே பரிசோதனை இல்லாமல் இதை ஊர் முழுக்கப் பரப்பக்கூடாது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கோறளைப்பற்றுப் பிரதேச சபை அதனோடு கைகோத்து, ஒரு பாடசாலை மலசலகூடத்திலும் பாசிக்குடாவின் சிறு விடுதி ஒன்றிலும் கிணற்றுக்கு நெருங்கிய சில வீடுகளிலும் படுகை கட்டட்டும். படுகைக்குள் போகும் நீர், வெளியேறும் நீர், பக்கத்துக் கிணற்று நீர் மூன்றையும் மாதாமாதம் அளந்து, முடிவைச் சபை வாசலில் ஒட்டட்டும். பலன் நன்றாயிருந்தால், புதிய வீட்டுக்கு வரைபட அனுமதி கேட்போரிடம் குழியின் வரைபடத்தோடு படுகையின் வரைபடத்தையும் சபை கேட்கலாம். வசதியற்ற குடும்பங்களுக்குத் தொட்டியின் செலவில் ஒரு பங்கை ஏற்கலாம். ஆடி, ஆவணியில் நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது கட்டி முடித்தால், அந்த மாரியிலேயே முதல் அளவீடு கைக்கு வந்துவிடும்.