அடைத்த கடனுக்கு இன்னும் எத்தனை நாள் மௌனம்?

வட்டிக் கடன் ஹராம் என்பதில் நமக்குள் இரு கருத்து இல்லை. அக்கடனில் வீடு கட்டி, பின்னர் வருந்தி, தவ்பா செய்து, முழுவதையும் அடைத்து மீண்ட குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் ஏராளம். ஆனால், அடைத்த பிறகும் வங்கி வீட்டுப் பத்திரத்தைத் தராமல் இழுத்தடித்தால் அவர்கள் வாய் திறப்பதில்லை. “செய்த தவறுக்கு இதுவும் தண்டனை, ஸபுர் செய்வோம்” என்கிறார்கள். வட்டியின் தீமையைப் பயான்களில் ஓங்கிச் சொன்ன நாம் இதைப் பற்றிப் பேசவே இல்லை. அக்குறை நம்முடையது.

இது ஸபுர் அன்று, உரிமையைக் கைவிடுதல். நபி (ஸல்) அவர்களின் கவசம் ஒரு யூதரிடம் வாற்கோதுமைக்காக அடமானமாக இருந்த செய்தியை நம் பிள்ளைகளும் அறிவார்கள். அடமானம் கடனுக்குரிய பிடிமானம் மட்டுமே. கடன் தீர்ந்து, உரியவர் கேட்ட பின்னும் அதைத் தராமல் வைத்திருப்பவர் அபகரித்தவரின் நிலைக்கு வருகிறார் என்றே ஃபிக்ஹு பாடத்தில் கற்பிக்கிறோம். வங்கி என்பதால் அச்சட்டம் மாறிவிடுமா?

நாட்டுச் சட்டமும் நம் பக்கமே நிற்கிறது. தனிநபர் கடன் முழுவதும் அடைக்கப்பட்டால், 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவான பொறுப்பையும் நீக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று ஆணையிட்டது. வீட்டுக் கடனும் இதில் அடங்கும். கடன் கொடுத்தவரால் ஏற்படும் தாமதத்திற்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு. கடன் பெற்றவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் ஆவணம் சேர்வதற்கான நடைமுறையும் வங்கியிடம் இருக்க வேண்டும்.

ஆனால் உரிமைக்கும் காலக்கெடு உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 69ஆம் பிரிவில், வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளையே தருகிறது. ஆவணம் வராதவரை குறை தொடர்கிறது என்று வாதிடலாம். அவ்வாதத்தை நம்பி உறங்கக் கூடாது. அந்த 30 நாள் முடிந்த மறுநாளிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு. தாமதத்திற்குப் போதிய காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். வெட்கம் போதிய காரணமாகுமா?

மௌனத்தின் விலை பெரும்பாலும் மய்யித்து வீட்டில்தான் தெரியவரும். தந்தை கடனை அடைத்துவிட்டார். ரசீது ஆவணம் பதிவாகவில்லை. வில்லங்கச் சான்றிதழில் அடமானம் அப்படியே நிற்கிறது. கடனைத் தீர்த்த பிறகே வாரிசுப் பங்கீடு என்பது மார்க்கம். தீர்ந்த கடனைத் தீரவில்லை என்று காட்டும் ஒரு காகிதத்தால் மகள்களின் பங்கு ஆண்டுக்கணக்கில் முடங்குகிறது.

“அந்த 5,000 ரூபாயும் வட்டிதானே?” என்று சிலர் கேட்கின்றனர். கடனுக்கு மேல் பெறும் பணம் வேறு. நம் பொருளைத் தடுத்து வைத்ததற்கான ஈடு வேறு. பேணுதல் உடையோர் உண்மையான இழப்பை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடட்டும். அதை வங்கியிடமே விட்டுவருவது எந்த வகைப் பேணுதல்?

கடனை அடைத்தோர் வில்லங்கச் சான்றிதழை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். பதிவு நீங்கவில்லையெனில் வங்கிக்கு எழுத்தில் கேட்டு, தேதியிட்ட ஒப்புகை பெறுங்கள். 30 நாட்களில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். மனு எழுதத் தெரியாதோர் ஜும்ஆவுக்குப் பின் மதரஸாவுக்கு வரட்டும். உடன் அமர்ந்து எழுதித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.