எட்டில் ஆறு

இந்த வாரம் எனக்கு அடங்காத கோபம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் சித்திரை வீதியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். திருச்சியில் ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டார்கள். மறுபடி அழைத்தார். "ஏதோ மெஷின் பேசுது" என்று பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது, மறுபடியும் வைத்துவிட்டார்கள். புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்தவர் அவர். கழுத்தில் அழுத்திப் பிடிக்கும் மின்கருவியால்தான் பேசுகிறார்.

ஏப்ரல் 16 உலகக் குரல் நாள். அதற்காகத் தொண்டையைப் பேணும் வழிகளை எழுத உட்கார்ந்தேன். புகையிலையை விடுங்கள், குரல் கம்மல் மூன்று வாரம் நீடித்தால் டாக்டரிடம் போங்கள். அதற்கு இவ்வளவு போதும். சாரின் பேச்சைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது.

தொல்காப்பியப் பிறப்பியல் மேல் எனக்குள்ள பித்தைப் பழைய வாசகர்கள் அறிவார்கள். எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயல் அது. உந்தியில் கிளம்பும் காற்று எங்கெங்கே தங்கி, எதில் பட்டு எழுத்தாகிறது என்று சொல்கிறது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்கள். சாருக்கு மிடற்றில் இருந்த குரல்வளை போய்விட்டது. மூச்சு கழுத்துத் துளை வழியாகவே போய்வருவதால் நெஞ்சுக் காற்றும் வாய்க்கு எட்டாது. மிச்சம் ஆறு.

அந்த ஆறை வைத்துக்கொண்டு அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். கருவி தருவது ஓர் அதிர்வு மட்டுமே. அதைச் சொல்லாக்குவது அவருடைய நாவும் உதடும். ழகரம் நா நுனியின் வேலை. குரல்வளையைக் கேட்டு அது பிறப்பதில்லை. சார் 'வாழைப்பழம்' என்றால் இரண்டு ழகரமும் சுத்தமாக விழுகின்றன. முழுத் தொண்டையோடு தொலைக்காட்சியில் பேசுகிறவர்களிடம் அந்த ழகரத்தைக் கேட்டு எத்தனை பத்திகளில் மன்றாடியிருக்கிறேன்!

கருவியின் ஒலி ஒரே சுருதியில் நிற்கும், ஏற்ற இறக்கம் குறைவு என்பது உண்மை. ஆனால் தமிழ் கேள்வியையும் ஐயத்தையும் எழுத்திலேயே வைத்திருக்கிறது. வந்தான், வந்தானா, வந்தானே, வந்தானோ: சுருதி மாறாமல் சொன்னாலும் நான்கும் நான்காகவே கேட்கின்றன.

நெஞ்சை மீட்கவும் வழி இருக்கிறது. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஒருவழி வால்வு பொருத்தி, கழுத்துத் துளையை விரலால் மூடினால் நுரையீரல் காற்று உணவுக்குழாய்க்குள் போய் அதன் சுவரை அதிரச் செய்யும், குரல் வரும். வெளிநாட்டு வால்வுகள் பல ஆயிரம் ரூபாய். அவ்வப்போது மாற்றவும் வேண்டும். பெங்களூரு அறுவை மருத்துவர் விஷால் ராவ், தொழில்துறை நண்பர் சஷாங்க் மகேஷோடு சேர்ந்து 'ஓம்' என்ற வால்வை உருவாக்கி, 50 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். ஏழைக்கும் பேச்சு வேண்டும் என்று நினைத்த அந்த மனத்தை நான் வணங்குகிறேன்.

கருவியையும் வால்வையும் டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். கேட்கிற காது நம் பொறுப்பு. போன் எடுக்கும் பிள்ளைகளே, ரீங்காரம் போல் ஒரு குரல் வந்தால் வைத்துவிடாதீர்கள். முதல் இரண்டு வாக்கியங்கள் காதுக்குப் பழகட்டும். புரியவில்லை என்றால், "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்று கேளுங்கள். அவர் சொல்வார்.