பழி ஏற்றத்தின் மேல் எதற்கு?

ஓட்டத்தை விட்டுப் பல மாதமானவர்கள் மலைச்சாலைப் பக்கமே போகக் கூடாது, ஏற்றம் முழங்காலைத் தின்றுவிடும், முதலில் சமதரையில் ஓடிப் பழக வேண்டும் என்கிறார் நண்பர். கோத்தகிரியில் குடியிருப்பவர் சமதரைக்கு எங்கே போவார்? தினமும் மேட்டுப்பாளையம் இறங்கி வர யாரால் முடியும்?

அதைவிடப் பெரிய பிழை, ஏற்றத்தின் மேல் பழி போடுவது. ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் பாதம் தரையில் மோதும் வேகம் குறைவு. உடம்பை உலுக்குவது இறக்கம்தான். அங்கே தொடைத் தசை நீண்டபடியே பிரேக் பிடிக்கிறது. மறுநாள் படியிறங்க முடியாமல் வலிப்பது அதனால்தான். ஆகவே இறக்கத்தில் சிற்றடி வையுங்கள், செங்குத்தான வளைவுகளில் நடந்தே இறங்குங்கள். இன்னொன்று: மூச்சு சில வாரங்களில் தேறிவிடும், தசைநாண்கள் தேற மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் அவசரப்பட்டால் சமதரையிலும் காயம்தான்.

ஏற்றத்தில் நடப்பவர் ஓட்டக்காரரே அல்ல என்று நண்பர் எழுதியது எனக்குக் கோபமூட்டுகிறது. நியூசிலாந்தின் ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், ஆக்லாந்தை ஒட்டிய மலைச்சாலைகளில் சுமார் 35 கி.மீ. சுற்றில் தன் வீரர்களை ஓடவைத்தார். அவர்களில் பீட்டர் ஸ்னெல்லும் முர்ரே ஹால்பெர்க்கும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்கள். அதே லிடியார்ட்தான் பிற்பாடு நடுவயதுக்காரர்களையும் இதய நோயாளிகளையும் பேசிக்கொண்டே மெதுவாக ஓடச் சொன்னார். ஆக்லாந்தும் மேடுபள்ளம்தான்.

முழங்காலில் ஏற்கெனவே காயம் உள்ளவர் மருத்துவரைக் கேட்கட்டும். மற்றவர்களை அந்தச் சாலையிலிருந்து விரட்டாதீர்கள்.