குலசை தசராவும் அதற்கு மறுநாள் வகுப்பறையும்

நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள். திட்டுவதென்றால் படித்து முடித்த பிறகு திட்டுங்கள்.

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசரா வந்தாலே நம் ஆட்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறீர்கள். "தசராதான் பையன்களைக் கெடுக்குது" என்கிறது ஒன்று. "சாமி காரியத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது" என்கிறது இன்னொன்று. இரண்டையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதல் கட்சிக்குச் சொல்கிறேன். வேடம் கட்டுகிற பையனின் விரதத்தைப் பாருங்கள். மாலை போட்டு 41 நாள், 21 நாள் என்று இருக்கிறான். காளி வேடக்காரன் ஊர்க் குடிலில் தங்கி, தானே பொங்கி ஒருவேளை சாப்பிடுகிறான். சாராயம் இல்லை, பீடி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. கொடியேறியதும் காப்புக் கட்டிக்கொண்டு, குறவன், குரங்கு, பிச்சைக்காரன், போலீஸ் என்று நேர்ந்துகொண்ட வேடத்தில் வீடு வீடாகத் தர்மம் எடுக்கிறான். சேர்ந்ததைக் கோயில் உண்டியலில் போடுகிறான். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். எந்தப் பள்ளிக்கூடமும் 41 நாள் இப்படி ஒரு பையனைக் கட்டிப்போட்டதில்லை. திருப்பூரிலும் மும்பையிலும் வேலை பார்க்கிறவன் லீவு போட்டு ஓடி வருவது சும்மா இல்லை.

இப்போது இரண்டாவது கட்சிக்கு. அந்த விரதத்தின் உயிர் எங்கே இருக்கிறது? தர்மம் எடுப்பதில் இருக்கிறது. யார் வீட்டு வாசலானாலும் கையேந்தி நிற்க வேண்டும் என்பதுதான் நேர்ச்சை. இன்று பல ஊர்களில் நடப்பது என்ன? தெருவுக்கு ஒரு செட், செட்டுக்கு ஒரு பனியன், பனியனில் சாதிப் பெயர், கையில் சாதிக் கலரில் கயிறு. எதிர்த் தெருப் பக்கம் மேளமே திரும்புவதில்லை. சாதிக் கொடி, ரிப்பன், பனியனோடு வரக் கூடாது என்று காவல்துறை அறிவிக்க வேண்டியிருக்கிறது. ஆபாச ஆட்டம் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்ல வேண்டி வந்தது. அம்மனுக்குச் செய்கிற காரியத்துக்குப் போலீஸும் கோர்ட்டும் எதற்கு?

"பத்து நாள் கூத்துதானே சார்" என்பீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன், பத்து நாளோடு அது முடிவதில்லை. காப்பை அவிழ்க்கிறவன் கலர்க் கயிற்றை அவிழ்ப்பதில்லை. அதே கயிறோடு பள்ளிக்கு வருகிறான். யாரோடு ஒரே பெஞ்சில் உட்காருவது, யார் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடிப்பது என்பதெல்லாம் அந்தக் கயிற்றிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. கயிறு கட்டிவிட்டது யார்? பையனா, நாமா?

பணத்தையும் பாருங்கள். நான் கணக்கு வாத்தியார் அல்லவா! ஒரு பையனின் நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பனியன், ஜெண்டை மேளம், வேன், பேனர் என்று அவன் பங்கு 6,000 ரூபாய் ஆனால், பத்து நாள் உழைப்பு போயிற்று. கையில் இல்லாவிட்டால் வட்டிக்கு வாங்குகிறான். அம்மன் கேட்டது தர்மம் எடுத்த காசை. கடன் வாங்கிய காசை அவள் கேட்கவில்லை.

செட் நடத்துகிற என் பழைய மாணவர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள். உங்களிடம் நான்கே நான்கு கேட்கிறேன்:

1. ஊருக்கு ஒரு செட். எல்லாத் தெருவுக்கும் மேளம் போகட்டும்.
2. பனியனில் அம்மன் பெயரும் ஊர்ப் பெயரும் போதும்.
3. வரவு செலவை எழுதி ஊர்ப் பொது இடத்தில் ஒட்டுங்கள்.
4. காப்பு அவிழ்க்கிற அன்றே, கயிறு இருந்தால் அதையும் அவிழ்த்து, பள்ளி திறக்கிற முதல் நாளே பையன்களை அனுப்புங்கள்.

இது முடியாது என்கிறவர்கள் காரணத்தைக் கீழே எழுதுங்கள். முடியும் என்கிறவர்கள் இந்த வருடமே செய்து படம் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்