பொறுத்துப்போகும் ஈரல்



இம்மாத அட்டைப்படக் கட்டுரைக்குக் கல்லீரல் புற்றுநோயை எடுத்துக்கொண்டோம். பெரும்பாலும் முற்றிய பிறகே தெரியவரும் நோய் இது. அப்படித் தெரியவந்த வீடுகளுக்கும் சொல்ல இன்று ஒரு நல்ல செய்தி இருக்கிறது என்பதால்தான் துணிந்தோம்.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, போர்ட்டல் சிரை வழியாகக் குடல் பக்கமிருந்து வருகிறது. சாப்பிட்ட சத்தோடு, குடல் கிருமிகளின் துணுக்குகளும் கலந்தே வரும். கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர் வருகிறவர்களிடமெல்லாம் வழக்காடிக்கொண்டிருக்க முடியுமா? கல்லீரலிலுள்ள எதிர்ப்புச் செல்களும் அப்படித்தான், இயல்பிலேயே பொறுத்துப்போகிறவை. குஃப்பர் என்ற ஜெர்மானியரின் பெயரைத் தாங்கிய செல்கள் கிருமிகளை விழுங்கும். மற்ற செல்கள் வீணாகச் சீறாமலும் பார்த்துக்கொள்ளும்.

இந்தப் பொறுமையில்தான் புற்று வேர்பிடிக்கிறது. கட்டிக்குள் வந்து சேரும் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்களில் பல, கட்டிக்குப் புதிய ரத்தக்குழாய்கள் வளரத் துணைபோகின்றன. புற்றுச்செல்லைக் கொல்ல வேண்டிய டி செல்களோ பக்கத்திலேயே சோர்ந்து கிடக்கின்றன. அவற்றின் மேலிருக்கும் பிடி-1 என்ற புரதத்தை, சுற்றியுள்ள செல்கள் சீண்டி, அவற்றைச் செயலடக்கிவிடுகின்றன. 1992-இல் ஜப்பானின் தசுக்கு ஹோன்ஜோ குழு கண்டறிந்த புரதம் இது. 2018-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் ஹோன்ஜோ.

அந்தச் சீண்டலைத் தடுக்கும் அட்டிசோலிசுமாப் மருந்தையும், ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்தையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. அறுவை சிகிச்சைக்கு வழியில்லாதவர்களில் 67 சதவீதம் பேர் ஓராண்டைக் கடந்தார்கள். பழைய மருந்தான சொராஃபெனிப் பெற்றவர்களில் 55 சதவீதம். வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். அதற்கு முன் பத்தாண்டுக்கும் மேலாக, முதல் சிகிச்சையாகக் கொடுத்த எந்த மருந்தாலும் சொராஃபெனிபைவிட ஆயுளைக் கூட்ட முடியவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தச் சிகிச்சையால் எல்லோருக்கும் ஒரே பலன் கிடைப்பதில்லை. கொழுப்புக் கல்லீரல் கொண்ட எலிகளில் டி செல்களே ஈரலைப் புண்ணாக்குவதாகவும், பிடி-1 தடுப்பு மருந்து கொடுத்தபோது புற்று அதிகரித்ததாகவும் 2021-இல் ஓர் ஆய்வு சொன்னது. மனிதர்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்ற விவாதம் ஓயவில்லை. சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் கைகோத்து நடக்கும் நம் ஊரில், இந்தக் கேள்விக்கு விடை தேடுவது மிக அவசரம் என்று நினைக்கிறேன். கட்டுரையில் இதற்குக் கூடுதல் பக்கம் ஒதுக்கியதும் அதனால்தான்.

ஹெபடைடிஸ் பி கிருமியால் வரும் புற்றைப் பொறுத்தவரை, வருமுன் காக்க வழி இருக்கிறது. தைவான் 1984-இல் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில் அங்கே சிறுவர்களிடம் கல்லீரல் புற்று ஏறக்குறைய பாதியானது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய முதல் ஊசி நம் அரசு மருத்துவமனைகளில் இலவசம். உங்கள் வீட்டில் யாராவது பிரசவத்துக்குப் போகிறார்கள் என்றால், அந்த ஊசி போட்டாயிற்றா என்று மறக்காமல் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்