பரண் லேப்டாப்பைத் தூக்கிப் போடலாமா?

“அப்பா, காலேஜுக்கு லேப்டாப் வேணும்.”

“அக்காவோட கவர்மென்ட் லேப்டாப் பரண் மேல இருக்கேம்மா...”

“அதை ஆன் பண்ணிட்டு, டீ போட்டுக் குடிச்சுட்டு வந்தாலும் சுத்திக்கிட்டேதான்ப்பா இருக்கும்!”

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஷிப்டு பஸ் ஏறும் குடும்பங்கள் நிறைந்த மறைமலை நகரில், இந்தப் பேச்சு எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். புது லேப்டாப் என்றால் பல வீடுகளில் ஒரு மாதச் சம்பளமே போய்விடும். பழையதைக் காயலான் கடையில் போடும் முன், அது ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

மேஜையும் ஸ்டோர்ஸும்

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. ஆரம்பத்தில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை.

ரேம் என்பது தொழிற்சாலையில் உங்கள் கைக்கெட்டும் வேலை மேஜை. டிஸ்க் என்பது ஸ்டோர்ஸ். மேஜை நிறைந்துவிட்டால், இப்போதைக்குத் தேவையில்லாததை ஸ்டோர்ஸில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது மறுபடி எடுத்துவர வேண்டும். கம்ப்யூட்டரில் இதற்குப் பெயர் ‘ஸ்வாப்’. பழைய ஹார்டு டிஸ்க்கில் ஓரிடத்தைத் தேடிப் பிடிக்க சுமார் 10 மில்லி நொடி ஆகும். ரேமோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய 1 லட்சம் மடங்கு தாமதம். லேப்டாப் சுற்றுவது பெரும்பாலும் இந்த நடையினால்தான்.

லுபுண்டு, ஆன்டிஎக்ஸ் போன்ற எடை குறைந்த லினக்ஸ் சிஸ்டங்கள் இங்கேதான் கைகொடுக்கின்றன. அலங்காரங்களைக் குறைத்து, பின்னணியில் ஓடும் வேலைகளையும் குறைத்து, சில நூறு எம்பி ரேமிலேயே எழுந்து நிற்கின்றன. மீதி மேஜை உங்களுக்கு.

ஒரு சந்தேகம் இங்கே பலருக்கும் வரும். லினக்ஸில் கொஞ்ச நேரம் வேலை செய்தபின் பார்த்தால், காலி ரேம் மிகக் குறைவாகக் காட்டும். பயப்பட வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமில், அடிக்கடி தேவைப்படும் ஃபைல்களை அது எடுத்து வைத்திருக்கிறது. கேட்டவுடன் காலி செய்து கொடுத்துவிடும். ஸ்வாப் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அதுதான் உண்மையான நாடி.

எழுதி எழுதித் தேயுமா?

ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் வேகம் பல மடங்கு கூடும். ‘அதில் எழுத எழுதத் தேயுமாமே?’ என்பார்கள். உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்கு 80 டெராபைட் வரை எழுதலாம் என்று உத்தரவாதம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தினமும் 20 ஜிபி எழுதினாலும் 4,000 நாள். கிட்டத்தட்ட 11 வருஷம்! காலேஜ் முடித்து வேலைக்கும் போய்விடலாம்.

கவலைப்பட வேண்டியது பென்டிரைவிலேயே சிஸ்டத்தை வைத்து ஓட்டுகிறவர்கள்தான். பென்டிரைவ் அந்த அளவுக்குத் தாங்காது. ஆஸ்திரேலியாவின் பேரி காலர் 2003-ல் தொடங்கிய ‘பப்பி லினக்ஸ்’ இதற்கு ஒரு வழி கண்டது. சிஸ்டத்தை அப்படியே ரேமில் ஏற்றிக்கொள்ளும். பென்டிரைவில் அவ்வப்போது மட்டுமே எழுதும்.

ஆனால் இதற்கும் விலை உண்டு. ரேமில் சிஸ்டமே உட்கார்ந்துகொண்டால், 2 ஜிபியில் உங்கள் வேலைக்கு மிஞ்சுவது குறைவு. சேமிக்கும் முன் பேட்டரியும் கரண்டும் போனால் அதுவரை செய்ததும் போச்சு. டிஸ்க்கில் எழுதுவதைக் குறைத்தால் ரேம் நிரம்பும். ரேமை மிச்சப்படுத்தினால் டிஸ்க்கில் எழுதுவது கூடும். இரண்டுக்கும் நடுவே ‘இசட்ரேம்’ என்ற வசதி உண்டு. ஸ்டோர்ஸுக்கு அனுப்பாமல், மேஜையிலேயே சாமான்களைச் சுருக்கி அடுக்கி வைக்கும் வேலை அது. பல ஆண்ட்ராய்டு போன்களும் இப்படித்தான் சமாளிக்கின்றன.

பிரவுசர் எடை குறையாது

சிஸ்டம் எவ்வளவு இளைத்தாலும் பிரவுசர் இளைக்காது. இருபது டேப் திறந்தால் 2 ஜிபி திணறத்தான் செய்யும். ஐந்தாறு டேப் போதும். ரேம் சேர்க்க வழி இருந்தால் 4 ஜிபி ஆக்குவது இன்னும் நல்லது.

‘பழைய விண்டோஸ் 7 இருக்கிறதே’ என்று அதிலேயே நெட் பேங்கிங் செய்யாதீர்கள். அதற்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் இலவச அப்டேட் பொதுவாக 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ரேம் வேண்டும். பழைய லேப்டாப்பில் இல்லாத வேறு வசதிகளையும் அது கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை பரணில் இருந்து இறக்குங்கள். முதலில் அக்காவின் போட்டோக்களை வேறிடத்தில் காப்பி எடுங்கள். பிறகு லுபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபை கிடைக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, கீபோர்டில் எல்லா எழுத்தும் விழுகிறதா என்று மகளே சொல்லட்டும். பிடித்திருந்தால் எஸ்எஸ்டி வாங்குங்கள். புது லேப்டாப் விலையில் அது சிறு பங்குதான். பிடிக்காவிட்டால் பென்டிரைவைக் கழற்றிவிட்டால் போதும், பழையபடி ஆகிவிடும்.

காயலான் கடை எங்கேயும் போய்விடாது.